சேவைவழிக் கற்றல்: பி.பி.எட். மாணவர்களைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பலாமா?

சுண்ணாம்புக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் உடற்கல்வியியல் கல்லூரியில் பி.பி.எட். (உடற்கல்வி இளநிலைப் பட்டம்) மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு நான் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லிவிட்டு, இந்த ஆண்டு அதை எப்படித் திருத்துவது என்று கேட்கப் போகிறேன்.

எங்கள் மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போவது வழக்கம். பாடக்குறிப்பு எழுதுவார்கள், அணிவகுப்பு நடத்துவார்கள், லெசீம், டம்பெல்ஸ், வளையம் எல்லாம் செய்து காட்டுவார்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர், வரிசை நேராக இருக்கிறதா, விசில் கணீரென்று ஒலிக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார். மைதானத்து ஓரத்தில் ஒரு பருத்த பையன் எல்லோருடைய செருப்புக்கும் காவலாக நிற்பான். அவன் யார் கண்ணிலும் பட மாட்டான். பட்டாலும், பொறுப்பான பையன் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இது என்னை உறுத்தியதால் சேவைவழிக் கற்றல் முறையை முயன்றேன். நாட்டு நலப்பணித் திட்டத்திலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்று சிலர் கேட்கலாம். அது 1969இல் தொடங்கியது. இரண்டாண்டுக்கு 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று நடக்கும். நல்ல வேலைதான். ஆனால் அங்கே மரம் நட்டவன் மறுநாள் வகுப்பில் உட்காரும்போது அந்த மரத்துக்கும் பாடத்துக்கும் தொடர்பு இருக்காது. சேவைவழிக் கற்றலில் பாடமே வேலைக்குள் இருக்க வேண்டும். பள்ளியின் தேவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். செய்ததைத் திரும்பி வந்து எழுதி, விவாதித்து, அடுத்த வாரம் மாற்றிச் செய்ய வேண்டும்.

ஆறு வெள்ளிக்கிழமைகள், ஒரு தொடக்கப்பள்ளி, குழந்தைப் பருவ உடற்பருமன் என்று திட்டமிட்டோம். முதல் வெள்ளி எடை பார்த்தோம். ஒரு மாணவன் எந்திரத்தைப் பார்த்து எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவன் எழுதினான். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஏறினான். 51 கிலோ. பின்வரிசையில் சிரிப்பு. இரண்டாம் வெள்ளி நாங்கள் போனபோது பள்ளி முழுக்க அவனுக்கு ‘ஐம்பத்தொன்று’ என்று பெயர். மூன்றாம் வெள்ளி அவன் வரவில்லை. நான்காம் வெள்ளியும் வரவில்லை. வருகைப்பதிவேட்டைப் பார்த்தேன். மற்ற நாள்களில் வந்திருக்கிறான், வெள்ளிதோறும் விடுப்பு.

கடைசியில் என் மாணவர்கள் கொடுத்த அறிக்கைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘இது எங்களுக்கு மிகவும் பயனுள்ள அனுபவமாக அமைந்தது.’

யாருக்குப் பயன்? இந்த ஆண்டு இதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா? தொடர்வதானால் எப்படி?

விசில்பை (ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்)

தம்பி, உண்மையை ஒப்புக்கொண்டதற்கு முதலில் ஒரு சபாஷ். நம் துறையில் அது அரிது.

நான் 34 ஆண்டு விசில் ஊதியவன். சேவை, கற்றல் எல்லாம் இருக்கட்டும், பி.டி. பீரியடை முதலில் மீட்டுக் கொடுங்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் வந்து, “சார், இன்று ஒரு நாள் மட்டும்” என்பார். அந்த ஒரு நாள் மார்ச் வரை நீளும். நானும் கொடுத்திருக்கிறேன். ஏன் கொடுத்தேன் தெரியுமா? குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, பாரதியார் தின விழாப் போட்டி என்று என் வேலையை அளந்தது கோப்பைகளின் எண்ணிக்கைதான். பதினைந்து பேரைக் காலையிலும் மாலையிலும் தேய்த்துத் தேய்த்துக் கோப்பை வாங்கினேன். மீதி ஐந்நூறு பேர் என்ன ஆனார்கள் என்று தலைமையாசிரியரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதுவரை பள்ளிகளில் உடற்கல்வி என்றால் பெரும்பாலும் டிரில்தான். விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவரத்தான் அந்தப் பாடெல்லாம். நூறாண்டு கழித்து நீங்கள் இன்னமும் வரிசை நேராக இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவதாகச் சொல்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா?

எடை விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆட்டை எடைபோடுகிறவன் வாங்கவோ விற்கவோ போகிறவன். நீங்கள் எதற்குப் போட்டீர்கள்?

சுண்ணாம்புக்கோடு

நியாயமான கேள்வி, ஐயா. ஒன்றிய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான உடற்தகுதி மதிப்பீடு உண்டு. அதில் உடல்நிறைக் குறியீடும், அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற பி.எம்.ஐ. அளவும், ஓர் அங்கம். 5 முதல் 8 வயதுக்கு அத்துடன் ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலைச் சோதனையும் இரு வட்டத் தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தட்டும் சோதனையும் உண்டு. 9 வயதுக்கு மேல் 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் சேரும். மாணவர்களுக்கு அதில் பழக்கம் வேண்டும் என்று நினைத்தோம். இப்போது யோசித்தால், அது எங்களுக்கு வேண்டியது. பள்ளி கேட்டதில்லை.

சிறுபிள்ளை மருத்துவம்

குழந்தைகள் நல மருத்துவன். இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும்.

பெரியவர்களுக்கு உடல்நிறைக் குறியீடு 25 என்ற கோட்டை வைத்துப் பேசுவதுபோல ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பேசக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007 வரைபடம் இருக்கிறது. நம் நாட்டுக்கு இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகத்தின் 2015 வரைபடம் இருக்கிறது. பெரியவர்களில் 23 (மிகையெடை), 27 (உடற்பருமன்) என்ற அளவுகளுக்கு இணையான கோடுகள் அதில் உண்டு. தெற்காசிய உடலில் குறைந்த எடையிலேயே கொழுப்பு கூடிவிடுவதால் அப்படி. புனேயில் மருத்துவர் யாக்னிக் குழுவினர் காட்டியது இதைத்தான்: பார்க்க மெலிந்த உடல், உள்ளே கொழுப்பு. ஆகவே உங்கள் மைதானத்தில் செருப்புக்குக் காவல் நிற்பவன் மட்டுமே கவலைக்குரியவன் என்று எண்ண வேண்டாம். ஒல்லியாக இருந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையும் அதே கணக்கில் வருவாள்.

இன்னொன்று கசப்பாக இருக்கலாம். பள்ளியில் உடற்பயிற்சியைக் கூட்டுவதால் மட்டும் உடல்நிறைக் குறியீடு இறங்கும் அளவு மிகச் சிறியது என்பதுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்வது. ஆறு வாரத்தில் எடை குறைப்போம் என்று யாராவது திட்ட அறிக்கையில் எழுதினால் அடித்துவிடுங்கள். வளரும் பிள்ளைக்குப் பல நேரங்களில் எடை குறையவே வேண்டாம். எடை அப்படியே நின்று உயரம் கூடினால் போதும். ஓட்டமும் ஆட்டமும் தூக்கத்துக்கும் இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் நல்லவை, எடை ஒரு கிராம் குறையாவிட்டாலும். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அந்த 60இல் உங்கள் பீரியட் எத்தனை நிமிடம் கொடுக்கிறது? அதை அளந்து பாருங்கள்.

எடை பார்த்தே ஆக வேண்டுமென்றால் மூடிய அறை, ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை. எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெற்றோரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும்.

நடுவீட்டு_ஊஞ்சல்

நான் ஆசிரியை அல்ல, ஓர் அம்மா. என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் ஆண்டுக்கு ஒரு முறை உடற்தகுதி அட்டை கொடுப்பார்கள். சென்ற முறை உடல்நிறைக் குறியீட்டுக் கட்டத்தில் சிவப்பு மையால் வட்டம். அதைப் பையில் எடுத்து வந்தவள் என் மகள். பஸ்ஸில் அவளோடு வந்த நான்கு பேரும் அதைப் படித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்குமேல் திரும்பி வந்தது. மூன்று வாரம் கழித்துக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள்.

பள்ளியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார். கொழுகொழுவென்று இருந்தால்தான் அவருக்குப் பிள்ளை. இளைத்தால் கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். பள்ளியில் ‘குண்டு’ என்கிறார்கள், வீட்டில் ‘துரும்பாகிவிட்டாள்’ என்கிறார்கள். பத்து வயதுப் பெண் எதை நம்புவாள்? உங்கள் மாணவர்கள் வருவதானால் என்னைப் போன்றவர்களையும் ஒருமுறை கூப்பிட்டு உட்காரவையுங்கள். அறிவுரை வேண்டாம், எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

பகுதிநேரம்

எல்லாம் அழகாகப் பேசுகிறீர்கள். யாரும் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். 1 முதல் 5 வரை உடற்கல்வி ஆசிரியர் என்ற பேச்சே அதில் இல்லை. பழக்கம் படியும் வயதில் ஆளே இல்லாமல் விட்டுவிட்டு, பிள்ளை பருத்த பிறகு பதறுகிறோம். 2012இல் தமிழ்நாட்டில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் எனச் சிறப்புப் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். அப்போது மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு நாங்கள் தெருவில் உட்கார்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நீங்கள் சேவை என்ற பெயரில் கல்லூரி மாணவர்களைச் சம்பளமில்லாமல் அனுப்புகிறீர்கள். நாளைக்கு ஒரு தலைமையாசிரியர், “வெள்ளிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்களே, அப்புறம் ஆசிரியர் எதற்கு?” என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

விசில்பை

பகுதிநேரம் தம்பி சொல்வதில் நெருப்பிருக்கிறது, புகையில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

வலென்சியா_வெயில்

ஸ்பெயினில் வசிக்கும் தமிழன். இங்கே 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளை அரசே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கும் அலாதினோ ஆய்வு என்று ஒன்று உண்டு. 2019இல் மிகையெடையும் உடற்பருமனும் சேர்ந்து 40.6 விழுக்காடு. 2023இல் 36.1. நூற்றுக்கு முப்பத்தாறு என்பது இன்னமும் கொடுமையான எண்தான். ஆலிவ் எண்ணெய், காய்கறி, மீன் என்று உலகமே மெச்சும் சாப்பாட்டு நாட்டில் இது!

உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியில் சேவைவழிக் கற்றலை இங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாகவே கையாள்கின்றன. மாணவர்கள் பள்ளிகளோடும், மாற்றுத்திறன் உள்ளோர் மையங்களோடும் வேலை செய்வார்கள். நான் கவனித்தது ஒன்றுதான். அவர்களின் குறிப்பேட்டில் ‘நான் என்ன தவறாக நினைத்திருந்தேன்’ என்று எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். ‘பயனுள்ள அனுபவம்’ என்று எழுதினால் மதிப்பெண் விழாது. உங்கள் கல்லூரியில் இந்த ஒரு மாற்றத்தைச் செய்யச் செலவில்லை.

பகுதிநேரம் கேட்டதற்கு இங்கேயும் முழுப் பதில் இல்லை. ஆனால் இங்கே தொடக்கப்பள்ளியிலேயே உடற்கல்விக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். மாணவர் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார், அவருடைய இடத்தை நிரப்பப் போவதில்லை.

கிளித்தட்டு_காளை

சார், இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

அந்த எண்ணை உரக்கப் படித்தவன் நான்தான்.

என் அறிக்கையிலும் ‘பயனுள்ள அனுபவம்’ என்றுதான் எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உங்களிடம் சொல்லாமல் ஒன்று செய்தேன், சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த பிறகும் அந்தப் பள்ளிக்குப் புதன்கிழமை மாலைகளில் போகிறேன். தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் விளையாட்டு எதுவும் நடத்தவில்லை. பள்ளி வாசலில் ஒரு பாட்டி கடை வைத்திருக்கிறார். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருப்பதாக வகுப்பில் படித்தோம். போய்ச் சொல்லலாம் என்றுதான் நின்றேன். பாட்டியின் பெட்டியில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. பக்கத்தில் ஒரு கூடை நெல்லிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது. “எது அதிகம் விற்கும், பாட்டி?” என்றேன். “நெல்லிக்காய் அழுகினால் எனக்கு நஷ்டம். பாக்கெட் மீந்தால் கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வான்” என்றார். நான் விதியைச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பிறகு நீங்கள் வகுப்பில் சொன்ன ஒன்றைச் செய்தேன். ஒரு பிள்ளை, ஒரு ஸ்டாப்வாட்ச். 40 நிமிட விளையாட்டு வேளையில் அந்த ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் அசைகிறது என்று மட்டும் பார்ப்பது. ‘ஐம்பத்தொன்று’ என்று நான் பெயர் வைத்த பையனையே பார்த்தேன். அவன் 6 நிமிடம் அசைந்தான். அதில் இரண்டு நிமிடம் பந்து பொறுக்கப் போனது. ஏனென்று பார்த்தால், அன்று ஆடிய ஆட்டங்களில் எல்லாம் ‘அவுட்’ ஆனால் உட்கார வேண்டும். முதலில் அவுட் ஆகிறவன் அவன்தான். யாருக்கு ஓட்டம் அதிகம் வேண்டுமோ அவன் முதலில் உட்காருகிறான். நன்றாக ஓடுகிறவன் கடைசி வரை ஓடிக்கொண்டே இருக்கிறான். நாங்கள் பாடக்குறிப்பில் எழுதிய சிறு விளையாட்டுகளில் பாதி இப்படிப்பட்டவைதான், சார்.

எங்கள் ஊர்க் கிளித்தட்டை ஆட வைத்தேன். தரையில் கட்டம் போட்டு, ஓர் அணி கோடுகளில் நின்று மறிக்க, இன்னோர் அணி தொடப்படாமல் கடக்கும் ஆட்டம். குறுக்குக் கோட்டில் நின்று மறிக்க வேகம் அவ்வளவு வேண்டாம். கை நீளமும் கள்ளத்தனமும் போதும். அவனைக் கோட்டில் நிறுத்தினேன். இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்ந்தான். மூன்று பேரைத் தொட்டுவிட்டான். தொடப்பட்டவர்கள் உட்காரவில்லை, அணி மாறி மறிக்க வந்தார்கள். அன்று அவன் கணக்கு 19 நிமிடம்.

பெயர் மாறவில்லை. இப்போதும் ‘ஐம்பத்தொன்று, மறி! மறி!’ என்றுதான் கத்துகிறார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான், சில நாள் சிரிப்பதில்லை. எடை என்ன ஆனது என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

சுண்ணாம்புக்கோடு

தம்பி, இதை ஏன் என்னிடம் நேரில் சொல்லவில்லை?

கிளித்தட்டு_காளை

நீங்கள் அறிக்கைக்கு 18 மதிப்பெண் போட்டிருந்தீர்கள், சார். 20க்கு.

விசில்பை

போதும், இருவரும் நிறுத்துங்கள். பதினெட்டு போட்டவனுக்கு எத்தனை போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிறுபிள்ளை மருத்துவம்

6க்கும் 19க்கும் உள்ள வேறுபாடுதான் நான் மேலே கேட்ட கேள்விக்கு விடை. ஒரு நாள் கணக்கை வைத்து ஆடிவிட வேண்டாம். நான்கைந்து வாரம், நான்கைந்து பிள்ளைகள் பாருங்கள். ஒல்லியான ஒரு பெண்பிள்ளையும் அதில் இருக்கட்டும்.

பகுதிநேரம்

இந்தத் தம்பியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அவர் படிப்பு முடித்தவர். புதன்கிழமை மாலை இலவசமாக வருகிறார். அவருக்கு வேலை எங்கே?

நடுவீட்டு_ஊஞ்சல்

பகுதிநேரம் சார், ஒரு யோசனை. இவர்கள் எடுக்கும் நிமிடக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரான நாங்கள் தீர்மானமாகப் போட்டு மேலே அனுப்பலாமே. ‘எங்கள் பிள்ளை 40 நிமிடத்தில் 6 நிமிடம்தான் அசைகிறது, தொடக்கப்பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் வேண்டும்’ என்று. ஆசிரியர் கேட்டால் சங்கப் பிரச்சினை என்பார்கள். அம்மாக்கள் கேட்டால்?

பகுதிநேரம்

அப்படியென்றால் நான் வருகிறேன். தீர்மானத்தை எழுதுவதில் எனக்குப் பதினான்கு ஆண்டுப் பழக்கம் உண்டு.

சுண்ணாம்புக்கோடு

எல்லோருக்கும் நன்றி. இந்த ஆண்டு எடை எந்திரம் ஆய்வகத்திலேயே இருக்கும். ஆறு வெள்ளி என்பதை ஒரு முழுப் பருவமாக ஆக்கக் கேட்டிருக்கிறேன். முதல்வர் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வருகைப்பதிவில் சிக்கல் என்கிறார். ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பிள்ளை, ஒரு குறிப்பேடு. பிள்ளையின் பெயரை அதில் எழுதக் கூடாது, எண்ணும் கூடாது. வெளித்தேர்வாளரிடம் வரிசையைப் பார்க்காமல் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லப் போகிறேன். அதற்கு அவர் என்னை என்ன சொல்வார் என்பது வேறு கதை.

சில கல்லூரி நண்பர்கள், அரசுப் பள்ளியில் பருத்த பிள்ளை எங்கே இருக்கிறது, அங்கே சத்துக்குறைவுதானே பிரச்சினை என்கிறார்கள். இரண்டும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. பள்ளி வயதுப் பிள்ளைகளில் உடற்பருமன் உள்ளோர் 9.4 விழுக்காடு, எடை குறைந்தோர் 9.2 என்று 2025இல் யுனிசெப் உலகக் கணக்கு வெளியிட்டது. முதல் முறையாகத் தராசு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கிளித்தட்டு இருவருக்குமே ஆகும்.

கிளித்தட்டு_காளை

சார், ஒரு சின்ன உதவி. பள்ளியில் கட்டட வேலைக்கு மணல் கொட்டிவிட்டார்கள். பாதி மைதானம்தான் மிச்சம். 28 பிள்ளைகள். தட்டு எப்படிப் போடுவது? சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டது.

விசில்பை

ஒரு பெரிய தட்டு போடாதே. நான்கு கோட்டில் இரண்டு சின்னத் தட்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றுக்குப் பதினான்கு பேர். காத்திருக்கும் வரிசையே இருக்கக் கூடாது. கோட்டுக்குக் கோடு உன் காலடியில் பத்து அடி வை, பிள்ளைகளுக்கு அது போதும். சுண்ணாம்பு தீர்ந்தது நல்லதாயிற்று; விழுந்து புரளும்போது கண்ணில் பட்டால் எரிச்சல், புண். கல் பொடிக் கோலமாவு வாங்கு. பாட்டி கடையிலேயே இருக்கும்.

சுண்ணாம்புக்கோடு

கோலமாவு நான் வாங்கி வருகிறேன். புதன் நான்கு மணிதானே?

விசில்பை

அப்படியே இந்தத் தளத்தில் உம் பெயரையும் மாற்றிக்கொள்ளும்.

கிளித்தட்டு_காளை

மூன்றே முக்காலுக்கு வாருங்கள், சார். கோடு போடும்போதே அவன் வந்து நின்றுவிடுவான். மாவைத் தூவ விட்டால்தான் நமக்கு வழி விடுவான்.